ஒன்பதாம் இதழில் ஒட்டிய தாள்

மிசிசாகா
9 பெப்ரவரி 2025

நிலாணிக்கு,

உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் குப்பையில் போடாமல் இதுவரை வந்திருந்தாயானால் சந்தோஷம். நீ என் இலக்கத்தைத் தடுத்துவைத்து ஒன்றேகால் வருஷமாகிறது. தன்னுடைய போனிலிருந்து அடித்துப் பார்க்கச் சொல்லி உன் அண்ணி சியாமளா பல தடவை சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை. கடிதமென்றால் வாசிப்பதும் விடுவதும் உன் விருப்பம்.

அம்மாவைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை. ஒரு கேள்வி கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

போன கிழமை குழாய் வெடித்து எங்கள் பேஸ்மென்றுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பெட்டிகளை மேலே தூக்கிக்கொண்டிருந்தபோது அடி நனைந்த ஒரு வாழைப்பழப் பெட்டி கையோடு கிழிந்தது. படிக்கட்டில் கொட்டுண்டது முழுக்க ‘ஹார்பர் செவன்’ கொமிக் புத்தகங்கள். பன்னிரண்டு இதழும் இருந்தன. அதிலேயே குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பிரட்டினேன். சியாமளா இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. தொண்ணூற்றுநாலு ஆவணியில் நாங்கள் ஊரை விட்டு இங்கே வந்து இறங்கியபோது உனக்கு ஆறு வயது, எனக்குப் பன்னிரண்டு. லோறன்ஸ் வீதியில் ஏழாம் மாடி. பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றமுதல் நீ ரி.வி.யைப் போடுவாய். நாலு மணிக்கு அந்த ஜப்பான் கார்ட்டூன். அமெரிக்காக்காரர் வாங்கி, இங்கிலிஷ் பேசவைத்து, ஆட்களின் பெயரையெல்லாம் மாற்றிப்போட்டது. விண்வெளியில் ஒரு துறைமுகம், கிரகம் அழிந்துபோன சனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கும் இடம். உனக்கு ஒரு சொல்லும் விளங்காது. நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்வேன். எனக்கும் பாதிதான் விளங்கும், மிச்சத்தைச் சொந்தமாக விடுவேன். அம்மா பின்னேர வேலைக்கு வெளிக்கிட்டபடியே நின்று பார்ப்பா.

“உந்தப் பெட்டைக்கு ஏன் தம்பி பச்சைத் தலைமயிர்?”

“அவ டொக்டர், அம்மா.”

“டொக்டருக்குப் படிச்சா உப்பிடி வருமோ?”

அந்தக் கார்ட்டூன் கொமிக் புத்தகமாகவும் வருகிறது என்று மரியோவின் கடையில்தான் கண்டுபிடித்தோம். ஒரு சின்ன அமெரிக்கக் கம்பனி மாதம் ஒன்று போட்டது. ரி.வி.யில் வந்த மூன்று பாகங்களை ஒரு இதழுக்குள் அடைத்துவிடுவார்கள். ஐந்தாம் இதழில் படம் கீறுகிறவர் மாறி எல்லோருக்கும் மூக்கு நீண்டுபோனது, அதற்கு நீ அழுதாய். மரியோவுக்கு என் பெயர் வாயில் வராது. ‘பிரையன்’ என்று பையில் எழுதி எங்கள் பிரதியை எடுத்துவைப்பார். உனக்கு இங்கிலிஷ் வாசிக்க வராதபடியால் ஒவ்வொரு பேச்சுக் குமிழுக்கும் அளவாக வெள்ளைத்தாள் வெட்டி, தமிழில் எழுதி மேலே ஒட்டுவேன். அம்மா காய்ச்சித் தந்த கோதுமை மாப் பசை. நீ வாசித்து முடிந்த பிறகு அம்மா அதை வேலைக்குக் கொண்டுபோய் பஸ்ஸில் வாசிப்பா.

இனிக் கேள்விக்கு வருகிறேன். ஒன்பதாம் இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு தாள் மட்டும் ஈரத்தில் கழன்று வந்தது. மற்றத் தாள்களில் பசை மஞ்சளாகிக் கெட்டிப்பட்டிருக்கிறது. இது பள்ளிக்கூடத்துப் பசைக்குச்சியால் ஒட்டியது, கொஞ்சம் சரிவாக. தாளின் கீழே இங்கிலிஷில் துறைமுகத் தளபதி கொமடோர், கப்பலோட்டி றெக்ஸைப் பற்றிச் சொல்கிறார்: ‘றெக்ஸ் இறந்துவிட்டான்.’ இறந்ததைச் சொல்கிற சொல்லின் கீழே பென்சிலால் ஒரு கோடு. நான் அதன்மேல் எழுதி ஒட்டியது இது: ‘றெக்ஸ் வேறு நட்சத்திரத்துக்குக் காவலுக்குப் போயிருக்கிறான். கெதியில் வருவான்.’

அந்தக் கோடு நான் போட்டதில்லை. தாளைத் திருப்பி ஒட்டியதும் நானில்லை.

நிலாணி, நீ அதை எப்போது கழற்றினாய்?

அண்ணா
பிரியந்தன்


வெக்ஸ்போர்ட்
27 பெப்ரவரி 2025

அண்ணாவுக்கு,

கிடைத்தது. இரண்டு கிழமை சாப்பாட்டு மேசையில் கிடந்தது. நேற்றுத்தான் உடைத்தேன்.

உங்கள் கேள்விக்கு இப்போது பதில் இல்லை. அம்மாவைப் பற்றிப் பேசமாட்டேன் என்று தொடங்கிவிட்டு, பக்கம் முழுக்க அம்மாவைத்தான் எழுதியிருக்கிறீர்கள். பச்சைத் தலைமயிர்ப் பகிடிக்கு நான் சிரித்தது உண்மை. சிரித்த பிறகு வந்த கோபத்தை அடக்க வெளியே போய் நடக்கவேண்டியிருந்தது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். வேறு ஆட்களின் தாய்மார் மூச்சுவிட உதவி செய்கிற வேலை. எந்த இயந்திரத்தை எவ்வளவில் வைத்தால் ஒரு நோயாளி இலகுவாக ஒரு நாளைக் கழிப்பார் என்பதற்குத்தான் நான்கு வருஷம் படித்தேன். என் அம்மாவின் நுரையீரலில் தண்ணீர் கட்டி, அவ கட்டிலில் நிமிர்ந்திருந்து மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்த ஐந்து கிழமையும் நான் ஹலிஃபாக்ஸில், ஒப்பந்த வேலையில். அவவின் மூச்சு நின்ற நேரம் நான் விமான நிலையத்தில் கோப்பிக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். பிறகு நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். உங்கள் போன் அதற்கு முதல்நாள் பின்னேரம்தான் வந்தது. காலையில் கிடைத்த முதல் விமானத்தில் ஏறினேன். இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

புற்றுநோய் என்று ஐந்து கிழமைக்கு முன்னமே உங்களுக்குத் தெரியும். ஒரு வரி அனுப்பியிருக்கலாம். ‘வா’ என்று ஒரே ஒரு சொல்.

நான் எதைத் தாங்குவேன், எதைத் தாங்கமாட்டேன் என்று நீங்கள்தான் எப்போதும் முடிவு செய்கிறீர்கள். உங்களுக்கு அந்த வேலையை யார் தந்தார்கள்?

பெட்டியை அனுப்புங்கள். அதில் பாதி என்னுடையது.

நிலாணி


மிசிசாகா
12 மார்ச் 2025

நிலாணி,

பெட்டியை இத்துடன் அனுப்புகிறேன். நனைந்ததையெல்லாம் மெழுகுத்தாள் வைத்துக் காயப்போட்டேன். ஏழாம் இதழின் அட்டை மட்டும் சரிவரவில்லை.

யார் தந்தார்கள் என்று கேட்டிருக்கிறாய். அது வந்த நாளை உனக்கு நான் ஒருபோதும் சொன்னதில்லை. ஒரு பயணத்தில் ராகுலன் மாமா இறந்துபோனார் என்று உனக்குப் பன்னிரண்டு வயதானபோது அம்மா கூப்பிட்டிருத்திச் சொன்னா. அது எப்போது நடந்தது, எங்களுக்கு எப்போது தெரியவந்தது என்பதை அவவும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

அப்பா போனபோது நீ கைக்குழந்தை. அதற்குப் பிறகு உன்னைத் தூக்கித் திரிந்தது அம்மாவின் தம்பிதான். கொழும்பில் எங்களை விமானம் ஏற்றிவிட்டு, ‘ஏஜென்ற் என்னை அடுத்த மாசம் அனுப்புவான்’ என்று சொன்னார். இங்கே வந்து ஒரு கிழமை நீ சாப்பிடவில்லை. தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் மாமாவைக் கேட்டாய். கடைசியில் ஆஸ்பத்திரியில் வைத்துச் சேலைன் ஏற்றினார்கள். அந்தப் பயம் அம்மாவுக்குப் போகவேயில்லை. பிறகு அந்தக் கார்ட்டூன் கிடைத்தது. றெக்ஸுக்கு மாமாவைப்போலவே நெற்றியில் விழுகிற சுருட்டைமயிர். ‘மாமா வெள்ளைக்காரனாகி ரி.வி.யில வாறார்’ என்றாய். அன்றுதான் ஒரு கோப்பை சோற்றை முழுதாகச் சாப்பிட்டாய்.

தொண்ணூற்றைந்து தை மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். சனியென்றால் அம்மாவுக்குக் காலை வேலை. போனை நான் எடுத்தேன். லண்டனிலிருந்து றெமிஜியஸ் என்று ஒருவர், மாமாவோடு ஒரே குழுவில் பயணம் வந்தவர். ஏதோ ஒரு எல்லைக் காட்டில் பனிக்குள் இரண்டு நாள் நடந்தார்களாம். மாமா மரத்தடியில் இருந்தவர் எழும்பவில்லையாம். “தம்பி, அம்மாவுக்கு ஆறுதலாச் சொல்லும்” என்றார். என் குரல் அப்போதுதான் உடைந்துகொண்டிருந்தது, நான் பெரிய ஆள் என்று நினைத்திருப்பார்.

மூன்று மணிக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு பஸ் தரிப்புக்குப் போனேன். வீட்டில் காத்திருக்க முடியவில்லை. அம்மா இறங்கி வந்தா. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு பனியை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தாய். உனக்கு விளங்கக்கூடாதென்று உன் தலைக்கு மேலால் இங்கிலிஷில் சொன்னேன். அம்மாவுக்கு அப்போது முப்பது நாற்பது இங்கிலிஷ் சொல்தான் தெரியும். அந்தச் சொல் தெரிந்திருந்தது. அவ கையிலிருந்த சாப்பாட்டுப் பையை மெல்ல நிலத்தில் வைத்தா. பிறகு என் தோளைப் பிடித்து, “தம்பி, உவளுக்குச் சொல்லாத. உவள் தாங்கமாட்டாள்” என்றா. பையை எடுத்துக்கொண்டு எங்களோடு நடந்தா. வழியெல்லாம் நீதான் கதைத்துக்கொண்டு வந்தாய்.

இரண்டு மாதத்தில் ஒன்பதாம் இதழ் வந்தது. ரி.வி.யில் றெக்ஸின் கப்பல் வெள்ளை வெளிச்சத்துக்குள் மறையும், அவன் வேறு நட்சத்திரத்துக்குக் காவலுக்குப் போனான் என்று ஒரு குரல் சொல்லும். சின்னப்பிள்ளைகள் பார்ப்பதென்று அமெரிக்காக்காரர் சாவை வெட்டிவிட்டார்கள். கொமிக்கை எழுதியவர் ஜப்பான்காரர் வைத்த சாவை அப்படியே விட்டுவிட்டார். கொமடோரின் கையில் உடைந்த தலைக்கவசம். மரியோவின் கடை வாசலில் நின்று அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மரியோ வெளியே வந்து, “பிரையன், சுகமில்லையா?” என்று கேட்டார். உனக்கு அதைக் கொடுக்காமல் விடவும் முடியாது, நாள் எண்ணிக்கொண்டிருந்தாய். ரி.வி. சொன்னதைத் தமிழில் எழுதி ஒட்டினேன். தலைக்கவசம் ஏன் உடைந்தது என்று கேட்டாய். அது பழசு, புதிது கொடுத்துவிட்டார்கள் என்றேன்.

மாமாவுக்கு அனுப்பச் சொல்லி மாதாமாதம் நீ கீறித் தந்த படங்களைப் பள்ளிக்கூட லொக்கரில் வைத்தேன். கோடை விடுமுறைக்கு லொக்கரைக் காலியாக்கச் சொன்னபோது எங்கே கொண்டுபோவதென்று தெரியாமல் மரியோவிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கி உள்ளே வைத்தார். கடை மூடியபிறகு அவை எங்கே போயினவோ.

அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோது, இருபத்தெட்டு வருஷம் கழித்து அதே வசனத்தை அதே சொற்களில் கேட்டேன். “உவளுக்குச் சொல்லாத தம்பி. வேலை நிரந்தரமாகிற நேரம்.” எனக்கு நாற்பத்தொரு வயது. எதிர்த்துப் பேசியிருக்கவேண்டும். “ஓம் அம்மா” என்றேன். இது சாட்டு அல்ல. நடந்ததைச் சொல்கிறேன்.

செத்தவீட்டில் நீ எல்லோருக்கும் முன்னால் “என்ர அம்மாவை நீ களவெடுத்திட்டாய்” என்றாய். பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் என்னை ‘நீ’ என்றாய். நான் அதற்குத் தகுதியானவன்தான் என்று அடிக்கடி நினைக்கிறேன்.

அண்ணா


வெக்ஸ்போர்ட்
30 மார்ச் 2025

அண்ணா,

பெட்டி வந்து பத்து நாளாகிறது. முதல் இரண்டு நாள் திறக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் முதலாம் இதழிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் தரையில் இருந்து வாசித்தேன். உங்கள் கையெழுத்து முதல் இதழில் குண்டு குண்டாக இருக்கிறது, கடைசியில் சாய்ந்து ஓடுகிறது. வெடிச்சத்தத்துக்குக்கூட விடாமல் ‘டமார்’ என்று ஒட்டியிருக்கிறீர்கள். ஒரு இடத்தில் கப்பல் வெடிக்கும்போது ‘ஐயோ கடவுளே, முடிஞ்சுது கதை’ என்கிறான் ஒரு வேற்றுக்கிரகவாசி. கீழே தாளைத் தூக்கிப் பார்த்தேன். இங்கிலிஷில் வெறும் ‘ஆ’ என்றுதான் இருக்கிறது. நான் தமிழ் வாசிக்கப் பழகியது அந்தத் தாள்களில்தான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ரீச்சர் வாசிக்கச் சொன்னபோது நான் வேற்றுக்கிரகவாசியின் குரலில் வாசித்ததாக அம்மா எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பா.

ஜப்பான் மூலத்தையும் இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு பாகம். எங்களுக்கு இங்கே முப்பத்தாறோடு நிறுத்திவிட்டார்கள், கொமிக் கம்பனியும் அதோடு மூடிவிட்டது. அங்கே றெக்ஸின் பெயர் ரென். அவன் சாகிற பாகத்தில் யாரும் ஒன்றும் பேசுவதில்லை. துறைமுகத்தில் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள், ஒரு நிமிடம் முழுக்க எந்திரங்களின் இரைச்சல் மட்டும். பச்சைத் தலைமயிர் டொக்டர் தன் கையுறையைக் கழற்றுகிறா. நான் அழுதேன். முப்பத்தேழு வயதில் கார்ட்டூனுக்கு அழுதேன்.

இனி உங்கள் கேள்வி. எனக்கு ஒன்பது வயது அப்போது. அதற்குள் இங்கிலிஷ் தமிழைவிட நன்றாக வரும். நீங்கள் தமிழில் எழுதியதெல்லாம் சரிதானா என்று பிழை பிடிக்க ஆசை வந்தது. ஒவ்வொரு தாளாக நுனியைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்பதாம் இதழில் முழுத்தாளும் கையோடு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் புதுச்சொல் கண்டால் கீழே கோடு போடச் சொல்வார்கள். தெரிந்த சொல்தான், என்றாலும் கோடு போட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

முதலில் றெக்ஸை மட்டும்தான் நினைத்தேன். அண்ணா பொய் எழுதியிருக்கிறார் என்று கோபம். உங்களிடம் வந்து, “றெக்ஸ் எப்ப வருவான்?” என்று கேட்டேன். நீங்கள் வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு எழும்பி பல்கனிக்குப் போனீர்கள். மேற்சட்டைகூடப் போடாமல், மாசி மாதக் குளிரில். கண்ணாடிக் கதவால் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கள் தோள் குலுங்கியது. ஒரு கார்ட்டூன்காரனுக்கு இப்படி அழமாட்டார் என்று எனக்குப் பட்டது.

பிறகு குசினிக்குப் போனேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா.

“அம்மா, மாமா எப்ப வருவார்?”

“வருவான் பிள்ளை.”

கத்தியை வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போனா. கன நேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தா. வெங்காயம் எரிக்குது என்றா. அன்றைக்கே எனக்குத் தெரியும் அண்ணா.

நான் சாப்பிடாமல் விடவில்லை. அன்றிரவுச் சாப்பாட்டை முழுக்கச் சாப்பிட்டேன். மறுநாள் பசைக்குச்சியால் தாளை ஒட்டிவைத்தேன். எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் நீங்கள் இருவரும் உடைந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். மாமாவுக்குப் படம் கீறித் தருவதையும் நிறுத்தவில்லை. பதினொரு வயதுப் பெட்டை மாமாவுக்கு றொக்கற் கீறித் தருவாளா? நீங்கள் ஒரு நாளும் யோசிக்கவில்லையா? அம்மா கூப்பிட்டிருத்திச் சொன்ன அன்றைக்கு, அவவுக்காக, அப்போதுதான் கேள்விப்படுவதுபோல அழுதேன்.

இதோடு நிறுத்தலாமென்று பேனாவை மூடினேன். நிறுத்தினால் நானும் ஒரு தாள் ஒட்டியதாகிவிடும்.

நான் ஹலிஃபாக்ஸில் இருந்தபோது அம்மாவும் நானும் ஞாயிறு தவறாமல் பேசுவோம் என்று உங்களுக்குத் தெரியும். புரட்டாதி தொடக்கத்தில், “கமெரா வேலை செய்யுதில்லை பிள்ளை” என்றா. குரல் மட்டும். ஒரு வசனத்தை மூன்றாக உடைத்துப் பேசினா. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மூச்சு எடுத்தா. என் கண் பழக்கத்தில் மணிக்கூட்டைப் பார்த்தது. நிமிடத்துக்கு இருபத்தெட்டு மூச்சு. இதே எண்ணை ஒரு நோயாளியின் தாளில் கண்டால் ஓடிப்போய் டொக்டரைக் கூட்டி வருவேன்.

“அம்மா, தடிமன் காய்ச்சலோ?” என்று கேட்டேன்.

“ஓம் பிள்ளை. தடிமன்தான்.”

“சுடுதண்ணி குடியுங்கோ.”

சுடுதண்ணி. அதைச் சொல்லிவிட்டு வேலைக்கதை கதைத்தேன். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறும். நான்கு ஞாயிற்றுக்கிழமை நான் எண்ணினேன், ஒன்றும் கேட்கவில்லை. உங்களுக்கு ஒரு போன் அடித்து, “அண்ணா, என்ன நடக்குது?” என்று கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. கேட்டால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

செத்தவீட்டில் உங்களைப் பார்த்துச் சொன்னதெல்லாம் எனக்குச் சொல்லவேண்டியது. உங்கள் தலையில் போட்டுவிட்டு ஒன்றரை வருஷம் நிம்மதியாக இருக்கப் பார்த்தேன். இருக்க முடியவில்லை.

நீங்கள் மறைத்தது பிழை. அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் களவெடுத்தது நீங்கள் இல்லை.

இனி எதையும் எனக்கு மறைக்காதீர்கள். நல்லதோ கெட்டதோ, எனக்கு முழுதாக வேண்டும்.

நிலாணி


மிசிசாகா
7 ஏப்ரல் 2025

நிலாணி,

உன் கடிதத்தை வேலையிடத்தில், சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் காரில் இருந்து வாசித்தேன். வாசித்து முடித்த பிறகு இறங்க அரை மணித்தியாலம் பிடித்தது. ஒன்பது வயதில் நீ தனிய அதை வைத்துக்கொண்டு சோறு சாப்பிட்டாய் என்பதை நினைக்கத்தான் தாங்கவில்லை. நாங்கள் இருவரும் ஒரே அறையில் படுத்தோம். நடுவில் மூன்றடி இடைவெளி.

இருபத்தெட்டு மூச்சைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். உன் போன் வருவதற்கு முன் அம்மா என்னைப் பிடித்து நிமிர்த்தி இருத்தச் சொல்வா. மூச்சை அடக்கிப் பழகுவா. “உவள் எண்ணுவாள்” என்றா ஒரு நாள். அவவுக்குத் தெரிந்திருந்தது, நீ எண்ணுகிறாய் என்று. நீ கேட்காததில் அவவுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. இதை உன் மனதை ஆற்ற எழுதவில்லை. முழுதாக வேண்டும் என்று கேட்டாய், அதனால் எழுதுகிறேன்.

அப்படியானால் இன்னொன்றும் இருக்கிறது.

மார்கழியில் முகம் வழிக்கும்போது கழுத்தில், தொண்டைக்கு இடப்பக்கம், ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. குடும்ப டொக்டர் ஸ்கானுக்கு அனுப்பினார். போன கிழமை ஊசியால் குத்தி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள். தைரொயிட்டாம். புற்றுநோயாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முடிவு சொல்ல ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள்.

பயமாக இருக்கிறது. இந்தச் சொல்லை எழுத மூன்று தாள் கிழித்தேன்.

சியாமளாவுக்கு இன்னும் சொல்லவில்லை. வேலையில் ஓவர்ரைம் என்று சொல்லிவிட்டுத்தான் எல்லாவற்றுக்கும் போய்வந்தேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லப்போகிறேன். கடிதம் உன் கையில் வரும்போது அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் முதலில் உனக்கு எழுதியிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

அண்ணா


வெக்ஸ்போர்ட்
25 ஏப்ரல் 2025

அண்ணா,

உங்கள் இலக்கத்தின் தடையை நான் எடுத்ததிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தரம் போனில் பேசுகிறோம், பிறகு ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது காரில் சியாமளா அண்ணி இருந்தா, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தீர்கள். சொல்லவந்ததைச் சொல்ல முடியவில்லை. போனிலும் வராது, அழுவேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் உங்களைக் கண்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நரைத்துவிட்டீர்கள். அம்மாவின் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியில் கண்டது, அதற்குப் பிறகு இப்போதுதான். அண்ணி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “உந்தாள் எனக்கும் நாலு மாசமாச் சொல்லேல்லை நிலாணி” என்று குமுறிக் குமுறி அழுதா. நீங்கள் களவெடுத்த பிள்ளைமாதிரிப் பக்கத்தில் நின்றீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது. மூன்று பேரும் லிஃப்டில் ஏறியபோது, “பச்சைத் தலைமயிர் டொக்டராயிருந்தா நான் திரும்பி ஓடிடுவன்” என்றீர்கள். அண்ணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் லிஃப்டில் நின்ற ஒரு கிழவர் தானும் சிரித்தார்.

அறைக்குள் அந்த டொக்டர் தாள்களைக் கையில் எடுத்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். முதலில் உங்களோடு தனியாகப் பேசவா, அல்லது எல்லோரும் இருக்கலாமா என்று கேட்டார். நான் எழும்பப் பார்த்தேன். இத்தனை வருஷப் பழக்கம், என்னை வெளியே அனுப்புவீர்கள் என்று கால் தானாகத் தயாராகிவிட்டது. நீங்கள் என் முழங்கையைப் பிடித்து இருத்தினீர்கள்.

“இது என்ர தங்கச்சி. எனக்குச் சொல்லுறதெல்லாம் அவவுக்கும் சொல்லுங்கோ. எனக்கு விளங்காட்டி அவ கேட்பா.”

அதை மிகச் சாதாரணமாகச் சொன்னீர்கள், நேரம் கேட்கிற மாதிரி. அண்ணிகூட அதைக் கவனிக்கவில்லை. எனக்குத்தான் கொஞ்ச நேரம் டொக்டரின் வாயசைவு தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. ‘புற்றுநோய்தான்’ என்று அவர் சொல்லி முடித்த பிறகுதான் காது திறந்தது. அதன் பிறகு ஒரு சொல்லையும் விடவில்லை. எத்தனை சென்ரிமீற்றர், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா, குரல் நரம்புக்கு எவ்வளவு கிட்ட, எல்லாம் கேட்டேன். பதினொரு கேள்வி கேட்டதாக அண்ணி எண்ணியிருக்கிறா.

நான் அறிந்ததை உங்களுக்கும் முழுதாகச் சொல்கிறேன். சின்னக் கட்டி. பரவியதற்கு அடையாளம் இல்லை. தைரொயிட்டில் வருவதில் இந்த வகை பெரும்பாலும் சத்திரசிகிச்சையோடு அடங்கிவிடும். பெரும்பாலும் என்றால் எப்போதும் அல்ல. குரல் கொஞ்சநாள் கரகரக்கலாம். வாழ்நாள் முழுக்கக் குளிசை போடவேண்டும். மூச்சுக்குழாய்க்குக் கிட்ட வெட்டுவார்கள், அதைப் பற்றி நான் பயப்படுகிறேன், அது என் வேலை. அந்த வார்ட்டில் என்னோடு படித்த இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களோடு பேசிவிட்டேன். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே சொல்வேன்.

பிள்ளைகளுக்கு நீங்களும் அண்ணியும் ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். என்னையும் வரச்சொன்னீர்கள். வருகிறேன். சின்னவளுக்கு எட்டு வயதுதானே, அவளுக்கு எவ்வளவு சொல்வது என்று அண்ணி கேட்டா. அவள் கேட்கிற அளவு சொல்லுவோம். கேட்டு முடியும்வரைக்கும் பக்கத்தில் இருப்போம்.

சத்திரசிகிச்சை ஜூன் பன்னிரண்டு, வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கு உள்ளே எடுப்பார்கள். அண்ணி உங்களோடு பின்சீற்றில் இருக்கட்டும், கார் நான் ஓட்டுகிறேன். முதல்நாளே வந்து உங்கள் வீட்டில் படுக்கிறேன். சோபா போதும். வேலையிடத்தில் இரண்டு கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள்.

அண்ணாவுக்குச் சுகமில்லை என்று சொன்னேன்.

நிலாணி